ஒரு சிமென்ட் மூட்டையின் ஐந்தொகை

கடலோர ஊர்களில் கிளிஞ்சலையும் உள்நாட்டில் சுக்கான்கல்லையும் கரியோடு மாற்றி மாற்றி அடுக்கிக் காளவாயில் சுட்டு, வெந்து வந்ததைத் தண்ணீர் தெளித்து நீற்றிச் சுண்ணாம்பு விற்ற தொழிலாளிக்கு, எந்தப் பாடப் புத்தகத்தின் துணையுமின்றி ஒரு விஷயம் தெரிந்திருந்தது: காளவாய்க்குள் போன கூடையின் பாரத்துக்கும் வெளியே வந்த கூடையின் பாரத்துக்கும் வித்தியாசம் பெரிது, வெந்த கல், வேகாத கல்லில் பாதிக்குச் சற்று அதிகமான கனமே இருக்கும். காணாமற்போன கனம் எங்கே போயிற்று என்று தராசைத் துணைக்கொண்டு தீர விசாரித்தவர் ஸ்காட்லாந்து தேசத்து ஜோசப் பிளாக். எடின்பரோ சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டத்துக்காக 1754-இல் அவர் அளித்த ஆராய்ச்சியும், 1756-இல் அச்சேறிய அதன் விரிவும், மக்னீசியாவையும் சுண்ணாம்புக்கல்லையும் சுடுமுன் நிறுத்தும் சுட்டபின் நிறுத்தும், குறைந்துபோன எடை கல்லில் பிணைந்திருந்த ஒரு வாயுவின் எடையே என்று நிறுவின. அந்த வாயுவைத்தான் நாம் கரியமில வாயு என்கிறோம்.

பிளாக் வைத்திருந்த தராசு இன்று போதவில்லை. ஒரு தொழிற்சாலை, தான் விற்கும் பொருள் ஒவ்வொன்றுக்கும் இத்தனை கிலோ கரியமில வாயு என்று எண் எழுதித் தரவேண்டிய காலம் வந்துவிட்டது. வாங்குகிறவர் கேட்கிறார், பங்குதாரர் கேட்கிறார், ஐரோப்பியச் சுங்கச்சாவடி கேட்கிறது, நமது அரசாங்கமும் கேட்கத் தொடங்கியிருக்கிறது. இவ்வாறு கேட்பவர்களில் பெரும்பாலோர், மூட்டையின்மேல் 50 கிலோ என்று அச்சிட்டிருப்பதைப் போலவே இதுவும் தராசுத் தட்டில் பிறந்த எண் என்று எண்ணிக்கொள்கின்றனர். என் அபிப்பிராயத்தில் அது பேரேட்டில் பிறந்த எண். எதை யார் பெயரில் பற்று எழுதுவது, எந்த வரவை யாருக்கு விடுவது, கணக்கை எந்த வாசற்படியோடு நிறுத்துவது என்னும் தீர்மானங்களைக் கழித்துவிட்டால் அதில் மிஞ்சும் ரசாயனம் பாதிகூட இராது. இதைப் பொய்க்கணக்கு என்று தள்ளிவிட வேண்டுமென்று நான் சொல்லவரவில்லை. ஐந்தொகையைப் படிக்கத் தெரிந்தவன் அதன் அடிக்குறிப்புகளை முதலில் படிப்பதைப் போல, இந்த எண்ணையும் படிக்கப் பழக வேண்டும் என்பதே என் கட்சி.

சிமென்டை உதாரணமாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. நெசவாலையிலும் காகித ஆலையிலும் கரியமில வாயு பெரும்பாலும் எரிபொருளிலிருந்து வருவது. எரிபொருளை மாற்றினால் கணக்கு மாறும். சிமென்ட் ஆலையிலோ, சூளையைச் சூரிய வெப்பத்தாலேயே மூட்டினாலும், கல் தன் வாயுவை விட்டே தீரும். சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 பங்கைச் சுட்டால் 56 பங்கு சுண்ணாம்பாக நிற்கும், 44 பங்கு வாயுவாகப் போகும். பேரம் பேசி இந்த விகிதத்தைக் குறைக்க எவராலும் ஆகாது. சிமென்டின் உயிர்ப்பொருளாகிய கிளிங்கரில் சுண்ணாம்பு ஏறக்குறைய 65 சதவீதம் இருப்பதால், ஒரு டன் கிளிங்கருக்குக் கல்லிலிருந்து மட்டுமே சுமார் 511 கிலோ வாயு வெளியேறுகிறது. மக்னீசியம் சேர்ந்த கல்லின் பங்கையும் கூட்டி, உலகச் சிமென்ட் கம்பெனிகள் சேர்ந்து வகுத்துக்கொண்ட கணக்குமுறை அதை 525 கிலோ என்று வைத்திருக்கிறது. சூளைக்குள் அரைத்த கல்மாவு 1450 டிகிரி உஷ்ணத்தை எட்டியாக வேண்டும். அதற்கு, நவீன உலர்முறை ஆலையில்கூட, கிலோ கிளிங்கருக்கு 730 கிலோ கலோரி அளவுக்கு நிலக்கரியோ பெட்கோக்கோ எரிக்கவேண்டும். அந்த வகையில் டன்னுக்கு 290 கிலோ. ஆக 815 கிலோ. உலகம் ஆண்டொன்றுக்குச் சுமார் 400 கோடி டன் சிமென்ட் செய்கிறது என்பதையும், மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏழெட்டுச் சதவீதம் இந்த ஒரு தொழிலைச் சேர்ந்தது என்பதையும் இதனோடு சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

இந்தத் தொழிலோடு நமக்குள்ள உறவு பழையது. இந்தியாவில் போர்ட்லண்டு சிமென்ட் செய்யும் ஆரம்ப முயற்சிகளுள் ஒன்று 1904-இல் சென்னையில் கடற்கிளிஞ்சலைக் கொண்டு நடந்தது, அது நிலைக்கவில்லை. அரியலூர்ச் சுரங்கங்களில் இன்று வெட்டப்படும் கல்லும் கிளிஞ்சலின் மூத்த உறவே. சுமார் ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கிடந்த கடலில் வாழ்ந்த சிப்பிகள், தண்ணீரில் கரைந்திருந்த கரியமில வாயுவை ஓட்டுக்குள் பூட்டிவைத்துவிட்டுப் போயின. அந்தப் பூட்டை நாம் ஒரு பகற்பொழுதில் திறந்துவிடுகிறோம்.

இனி ஆலைக்குள் சென்று, கணக்கு எப்படி எழுதப்படுகிறது என்று பார்ப்போம். புகைபோக்கியின் உச்சியில் கருவி வைத்து வாயுவை நேரே அளக்கலாமே என்று தோன்றும். அமெரிக்க அனல்மின் நிலையங்களில் அவ்வாறு செய்கின்றனர். ஐரோப்பியச் சட்டமும் அதற்கு இடம் தருகிறது. ஆயினும் பல மீட்டர் விட்டமுள்ள குழாய்க்குள் தூசியோடும் உஷ்ணத்தோடும் சுழன்று ஏறும் புகையின் வேகத்தைப் பிழையின்றி அளப்பது எளிய காரியமன்று. ஆகையால் சிமென்ட் ஆலைகள் பெரும்பாலும் கணக்கிட்டே எழுதுகின்றன. கணக்கிடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு: சூளைக்குள் போன மாவில் எவ்வளவு கார்பனேட் இருந்தது என்று உட்புகும் பக்கத்திலிருந்து வரலாம்; வெளிவந்த கிளிங்கரில் எவ்வளவு சுண்ணாம்பு இருக்கிறது என்று வெளிப்புறத்திலிருந்தும் வரலாம். இரண்டும் ஒரே விடையில் முடியவேண்டும் என்பது சாஸ்திரம். முடியாதபோதுதான் ஆலையின் உண்மையான சங்கடங்கள் வெளிப்படுகின்றன.

முதற் சங்கடம், எல்லாவற்றுக்கும் அடிப்படையான கிளிங்கரைப் பல ஆலைகளில் எவரும் நேராக எடை போடுவதில்லை. செந்தணலாகக் குளிர்விப்பானில் விழுந்து, கிடங்குக்குப் போய்விடும் அந்தப் பொருளின் அளவை, சூளைக்குள் செலுத்திய மாவின் எடையை ஒன்றரைக்கு மேற்பட்ட ஒரு விகிதத்தால் வகுத்து வருவித்துக்கொள்கிறார்கள். மாதக் கடைசியில் கிடங்கிருப்பையும், அரைத்த சிமென்டையும், லாரியில் ஏறிய மூட்டைகளையும் ஒத்துப் பார்த்து, வித்தியாசத்தைச் சரிக்கட்டுகிறார்கள். இரண்டாவது சங்கடம் ஈரம். மழைக்காலத்தில் நனைந்த நிலக்கரி லாரி எடைமேடையில் ஓர் எடையும், பட்டையின்மேல் ஓடும் தராசில் வேறோர் எடையும், ஆய்வுக்கூடத்தில் உலர்த்தி எடுத்த மாதிரியில் இன்னோர் எடையும் காட்டும். வெப்பமதிப்பை ஈரத்தோடு கண்டார்களா, ஈரம் நீக்கிக் கண்டார்களா என்று குறிக்க மறந்த ஓர் ஏடு, மற்றபடி எத்தனை தசமஸ்தானம் எழுதியிருந்தாலும் பயனற்றது. ஆண்டுக் கடைசியில் நிலக்கரிக் குவியலைச் சுற்றி நடந்து, நீளம் அகலம் உயரம் அளந்து, இன்ன அடர்த்தி என்று ஊகித்து இருப்பு எழுதுவதைப் பார்த்தவர்கள், ஓர் அறிக்கையில் '4,37,218.64 டன்' என்பதுபோல அச்சாகியிருக்கும் எண்ணைக் கண்டால் புன்னகை செய்வார்கள். அந்தப் .64-ஐ எனக்குக் காட்டிய கணக்காளரும் புன்னகையோடுதான் காட்டினார்.

இவையெல்லாம் கவனத்தாலும் நல்ல கருவியாலும் குறைக்கக்கூடிய பிழைகள். கூட்டி வைத்தாலும் சில சதவீதத்துக்கு மேல் போகா. கணக்கைப் பாதியாகவோ இரட்டிப்பாகவோ மாற்றும் வல்லமை இவற்றுக்கில்லை. அந்த வல்லமை எல்லைக்கோட்டுக்கே உண்டு.

உலக வளங்கள் நிறுவனம் என்னும் ஸ்தாபனமும், நிலைத்த வளர்ச்சிக்கான உலக வர்த்தகக் கவுன்சிலும் சேர்ந்து 2001-இல் வெளியிட்டு 2004-இல் திருத்திய விதிநூல், ஒரு கம்பெனியின் உமிழ்வை மூன்று வளையங்களாகப் பிரித்தது. ஆலைகளில் அவற்றை 'ஸ்கோப்' ஒன்று, இரண்டு, மூன்று என்றே சொல்கிறார்கள். தன் சூளையிலும் தன் வண்டியிலும் பிறந்தது முதலாவது. விலைக்கு வாங்கிய மின்சாரத்தைப் பிறர் உற்பத்தி செய்தபோது பிறந்தது இரண்டாவது. வாங்கிய சரக்கு, ஏற்றுமதி இறக்குமதி, ஊழியர் பிரயாணம், விற்ற பொருளின் பிற்கால வாழ்க்கை என்று பதினைந்து வகையாக விரிவது மூன்றாவது. ஒருவனுக்கு முதல் வளையமாயிருப்பது இன்னொருவனுக்கு மூன்றாவதாயிருக்கும். ஆகையால் கம்பெனிகளின் மூன்று வளையங்களையும் கூட்டித் தேசத்தின் கணக்கு எழுதக்கூடாது.

இந்தப் பிரிவினை சிமென்ட் தொழிலில் என்ன விளைவை உண்டாக்குகிறது என்று பாருங்கள். சுண்ணாம்புக்கல் கிடைக்கும் இடத்தில் சூளையும், அனல்மின் நிலையத்தின் சாம்பலும் சந்தையும் அருகே இருக்கும் இடத்தில் அரவை ஆலையும் வைப்பது இத்தொழிலின் வழக்கம். அரவை ஆலை வேறொரு கம்பெனியின் உடைமையாயிருந்து, கிளிங்கரை வெளியே விலைக்கு வாங்கி அரைத்து மூட்டை கட்டினால், அதன் முதல் வளையத்தில் எழுதுவதற்கு டீசல் புகையைத் தவிர அதிகமாக ஒன்றும் இராது. அதே சிமென்ட், அதே மூட்டை. சூளையையும் சேர்த்து வைத்திருக்கிற போட்டிக் கம்பெனி குற்றவாளியைப்போலத் தோன்ற, இது மட்டும் துறவியைப்போலக் காட்சி தரும். இதை முன்னரே உணர்ந்துதான், சிமென்ட் கம்பெனிகள் வகுத்துக்கொண்ட பொதுக் கணக்குமுறை, டன்னுக்கு இவ்வளவு என்று வகுக்கும்போது, வெளியே வாங்கிய கிளிங்கரை வகுக்கும் எண்ணில் சேர்க்கக்கூடாது என்று விதித்தது. அறிக்கையைப் படிப்பவர்களில் எத்தனை பேர் வகுக்கும் எண்ணை விசாரிக்கிறார்கள்?

இரண்டாவது வளையத்திலும் இதற்கொப்பான ஒரு வேடிக்கை உண்டு. நம் நாட்டு மின்தொடரில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கரியமில வாயு என்று மத்திய மின்சார ஆணையத்தின் தரவுகள் சராசரி காட்டுகின்றன. ஆலை முதலாளி முப்பந்தல் கணவாயில் காற்றாலை நிறுத்தி, அதன் மின்சாரத்தைத் தொடரில் செலுத்தி, தன் ஆலையில் எடுத்துக்கொள்கிறார். இரண்டு வாய்க்கால் பாயும் கண்மாயில் மடைவழி வெளியேறும் தண்ணீர் எந்த வாய்க்காலினுடையது என்று சொல்ல முடியாததைப்போல, தொடரில் கலந்துவிட்ட மின்சாரத்துக்கும் பிறப்பிடம் இல்லை. 2015-இல் வந்த வழிகாட்டி இதைத் தீர்க்க முயன்று, இரண்டு கணக்கையும் எழுதுங்கள் என்றது: பிரதேசத்தின் சராசரிப்படி ஒன்று, ஒப்பந்தப் பத்திரப்படி மற்றொன்று. சிமென்டுக்கு மின்சாரத்தின் பங்கு சொற்பம். டன்னுக்கு 75 யூனிட் என்றால் ஐம்பது கிலோ சொச்சந்தான். நூற்பாலைக்கு இதுவே பிரதானம்.

கம்பெனியின் கணக்கு ஒன்று. பொருளின் கணக்கு வேறொன்று. பின்னது இளையது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதுவே மூத்தது. 1969-இல் கோகோ கோலா கம்பெனிக்காக அமெரிக்காவின் மிட்வெஸ்ட் ஆராய்ச்சி நிலையம், கண்ணாடிப் புட்டி முதலிய கலங்களைப் பிறப்பு முதல் இறப்பு வரை தொடர்ந்து சென்று, ஒவ்வொன்றும் எவ்வளவு சக்தியையும் மூலப்பொருளையும் விழுங்குகிறது என்று ஆராய்ந்தது. வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு என்று இன்று வழங்கும் முறைக்கு அதுவே தோற்றுவாய். கரியமில வாயுவுக்கென்று அதைக் கூர்மையாக்கியவர்கள் பிரிட்டனில் இருந்தார்கள். 2007-இல் வாக்கர்ஸ் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்தின்மேல் 75 கிராம் என்று அச்சாயிற்று. 2008-இல் பிரிட்டிஷ் தரநிர்ணய நிலையம் இதற்கென்றே ஒரு விதிநூல் வெளியிட்டது. உலகத் தரநிர்ணய நிலையத்தின் 14067 என்ற எண்ணுள்ள தரம் 2013-இல் முன்வரைவு போலத் தொடங்கி 2018-இல் முழுமை பெற்றது. தன் கடைகளிலுள்ள எழுபதினாயிரம் சரக்குகளுக்கும் இப்படி எண் பொறிப்பதாக 2007-இல் அறிவித்த டெஸ்கோ, சில நூறு சரக்குகளோடு 2012-இல் அம்முயற்சியைக் கைவிட்டது. வாங்குகிறவர் ஒரு பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்து 75 என்று படித்தால், அது அதிகமா குறைவா என்று அறிய அவருக்கு ஒரு பிரமாணமும் இல்லை.

ஆனால் அந்த வறுவல் பொட்டலம் வேறொரு வகையில் பயன்பட்டது. உருளைக்கிழங்கை எடைக்கு விலை பேசி வாங்கியதால், விவசாயிகள் அதை ஈரக்காற்றுச் செலுத்திய கிடங்கில் வைத்து நீரேறச் செய்தார்கள். ஏறிய நீரை வறுக்கும்போது ஆவியாக்க ஆலை எரிவாயுவைச் செலவிட்டது. நீரை ஏற்றவும் ஒரு செலவு, இறக்கவும் ஒரு செலவு. இரண்டுக்கும் நடுவே பேரத்தின் ஓர் ஒப்பந்த வாசகம். பொருளின் பின்னால் நடந்து போகாமல், ஆலையின் வாசலோடு கணக்கை நிறுத்தியிருந்தால் அது கண்ணில் பட்டிராது. பொட்டலத்தின்மேல் அச்சான எண்ணைவிட அதைத் தேடிச் சென்ற பாதையில் கிடைத்ததே லாபம் என்று நான் கருதுகிறேன்.

இனி நம் சிமென்ட் மூட்டைக்கு வருவோம். இந்த இடத்தில்தான் நிதானமாக நிற்கவேண்டியிருக்கிறது. மேலே சொன்ன எண்களை வைத்துக்கொண்டு ஒரு மாதிரிக் கணக்குப் போடலாம். கிளிங்கர் 95 பங்கும் ஜிப்சம் 5 பங்கும் உள்ள சாதாரண போர்ட்லண்டு சிமென்டில், மின்சாரத்தையும் சேர்த்து, 50 கிலோ மூட்டைக்கு ஏறக்குறைய 41 கிலோ கரியமில வாயு வருகிறது. இந்தியத் தர விதிப்படி ஃப்ளை ஆஷ் என்னும் அனல்மின் நிலையச் சாம்பலை 15 முதல் 35 சதவீதம் வரை கலக்கலாம். 30 பங்கு கலந்து, கிளிங்கரை 65 பங்காகக் குறைத்தால், மூட்டைக்கு 29 கிலோ. இரும்பு உலையின் கசடை, அதாவது ஆலைக்காரர் பாஷையில் ஸ்லாகை, 25 முதல் 70 சதவீதம் வரை கலக்க விதி இடம் தருகிறது. 55 பங்கு கசடும் 40 பங்கு கிளிங்கரும் சேர்ந்தால், மூட்டைக்கு 19 கிலோ. கட்டிடம் கட்டுகிறவர் கண்ணுக்கு மூன்றும் சாம்பல் நிறப் பொடிதான். கரியமிலக் கணக்கில் ஒன்று மற்றொன்றுக்கு இரட்டிப்பு.

இந்த 19 என்னும் எண் எவ்வாறு பிறந்தது? கசடுக்குச் சுழியம் என்று வைத்ததால் பிறந்தது. கசடு இரும்பு ஆலையின் கழிவு. கழிவுக்குப் பாவம் இல்லை. உலையில் எரிந்த கரி முழுவதும் இரும்பின் பெயரில் பற்று எழுதப்பட்டுவிட்டது. சிமென்ட் ஆலை அதை எடுத்துப் பயன்படுத்துவது புண்ணியம் என்பது இந்தச் சுழியத்தின் நியாயம். கசடு மலையாகக் கிடந்த காலத்துக்கு இந்த நியாயம் பொருந்தியிருக்கலாம். இப்போது அதற்கு விலை உண்டு, ஒப்பந்தம் உண்டு, ரயில் பெட்டி உண்டு. சிமென்டுக்கு ஏற்றபடி அது கண்ணாடிபோல் உறைவதற்காகவே தண்ணீர் பீய்ச்சிக் குளிர்விக்கிறார்கள். விற்பதற்கென்றே பக்குவம் செய்த ஒன்றைக் கழிவு என்று எத்தனை நாள் சொல்வது? கழிவு இல்லை, உடன்விளைபொருள்தான் என்று ஒப்புக்கொண்ட மாத்திரத்தில், உலையின் உமிழ்வை இரும்புக்கும் கசடுக்கும் பங்கிட வேண்டிய பாகப்பிரிவினை வந்து சேர்கிறது.

பாகத்தை எடையால் பிரிப்போம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டன் இரும்போடு 300 கிலோ கசடு வருகிறது, அதற்கெல்லாம் சேர்ந்து ஒன்றரை டன் கரியமில வாயு என்று கொண்டால், கசடின் டன் ஒன்றுக்கு 1,150 கிலோ விழுகிறது. அது கிளிங்கரின் 815 கிலோவைவிட அதிகம். உடனே நம் மூட்டையின் எண் 19-இலிருந்து 51-க்குத் தாவி, கலப்பில்லாத சிமென்டையும் மிஞ்சிவிடுகிறது. விலையால் பிரிப்போம் என்றால், உலையின் வருமானத்தில் கசடின் பங்கு நூற்றுக்கு இரண்டு என்று வைத்தால், எண் 22-இல் வந்து நிற்கும். ஒரே உலை, ஒரே கசடு, ஒரே மூட்டை. 19, 22, 51 என்று மூன்று விடைகள். எந்தத் தராசும் இதைத் தீர்த்துவைக்காது. உலகத் தரம், முடிந்தால் பங்கிடுவதையே தவிர்க்கவும், முடியாவிட்டால் பௌதிக உறவால் பிரிக்கவும், அதுவும் இயலாதபோது விலை முதலியவற்றால் பிரிக்கவும் என்று படிவரிசை சொல்லியிருக்கிறது. அந்தப் படிகளில் எந்தப் படியில் நிற்பது என்பதை வாதித்தே முடிவு செய்கிறார்கள். விலையால் பிரித்தவனின் கணக்கு, இரும்புச் சந்தை ஏறி இறங்கும்போதெல்லாம் உலையில் ஒரு பொறிகூட மாறாமலே மாறிக்கொண்டிருக்கும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு நுட்பமும் உண்டு. கசடு ஏன் சிமென்டாகப் பயன்படுகிறது? அதில் சுண்ணாம்பு இருப்பதால். அந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? இரும்புத்தாதுவின் மாசைப் பிரிப்பதற்காக உலை வழியில் சேர்த்த சுண்ணாம்புக்கல்லிலிருந்து வந்தது. அந்தக் கல்லும் தன் 44 பங்கு வாயுவை விட்டுவிட்டுத்தான் வந்தது, சிமென்ட் ஆலையின் முற்றத்தில் விடாமல் இரும்பு ஆலையின் முற்றத்தில் விட்டது. ஆகவே கசடு கலந்த சிமென்டின் சிக்கனத்தில் ஒரு பகுதி உண்மையான சிக்கனம், ஒரு பகுதி முகவரி மாற்றம். எவ்வளவு எது என்பது, சிமென்டுக்குப் போகாவிட்டால் அந்தக் கசடு என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியைப் பொறுத்தது. குப்பைமேட்டுக்குப் போயிருக்கும் என்றால் முழுச் சிக்கனம். வேறொரு சிமென்ட் ஆலை வாங்கியிருக்கும் என்றால், நம் மூட்டை குறைந்த அளவுக்கு இன்னொருவர் மூட்டை கூடியிருக்கும், ஆகாயத்துக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. ஃப்ளை ஆஷுக்கும் இந்த வாதம் அப்படியே பொருந்தும். நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் மிகுதி. அதைப் பயன்படுத்தியாக வேண்டும் என்று 1999 முதல் அரசாங்க ஆணைகள் வந்துகொண்டிருக்கின்றன. ஆகையால் இங்கே சுழியத்துக்கு நியாயம் சற்று அதிகம். 2024 செப்டம்பரில் தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை மூடிவிட்ட பிரிட்டனில் நிலைமை வேறு.

சிமென்ட் தொழில் பிறர் உலையின் மிச்சத்தை நம்பியிருக்காமல், சுட்ட களிமண்ணையும் சுடாத சுண்ணாம்புக்கல்லையும் சேர்த்துக் கிளிங்கரைப் பாதியாக்கும் எல்.சி.3 என்னும் வகை, சுவிட்சர்லாந்திலும் கியூபாவிலும், நம் சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட இந்திய நிலையங்களிலும் ஆராயப்பட்டு, 2023-இல் இந்தியத் தரமும் பெற்றது. அதன் தொழில்நுட்ப நன்மை ஒருபுறமிருக்க, கணக்காளனுக்கு அதில் ஒரு தனி நிம்மதி உண்டு: பாகப்பிரிவினை இல்லை, களிமண்ணைச் சுட்ட கரி முழுவதும் சுட்டவன் பெயரிலேயே நிற்கும்.

எரிபொருளிலும் இவ்விதமான வழக்கு ஒன்று இருக்கிறது. பழைய டயரையும் நகரக் குப்பையிலிருந்து பிரித்த பிளாஸ்டிக்கையும் சூளையில் எரித்தால், அதில் பிறக்கும் வாயுவைச் சேர்த்துச் சொல்வது மொத்த உமிழ்வு. கழித்துச் சொல்வது நிகர உமிழ்வு. சிமென்ட் கம்பெனிகளின் கணக்குமுறை இரண்டுக்கும் இடம் வைத்திருக்கிறது. குப்பை எப்படியும் எரிந்தோ மக்கியோ தீர்ந்திருக்கும் என்பது கழிப்பவர் கட்சி. நான் மொத்தத்தின் பக்கம். புகைபோக்கிக்கு நிகரம் தெரியாது.

மூன்றாவது வளையத்தின் பெரும்பகுதியை, வாங்கிய சரக்கின் விலையை 'ரூபாய்க்கு இத்தனை கிராம்' என்ற சராசரியால் பெருக்கி நிரப்பும் வழக்கத்தைப் பற்றி ஒரே வார்த்தை சொல்லி நகர்கிறேன். விலை பேசிக் குறைத்தால் புகை குறையும், சந்தை ஏறினால் புகை ஏறும். தரமான மூலப்பொருளை அதிக விலைக்கு வாங்கிய கம்பெனி அதிகப் பாவி ஆகும். எங்கே கவனம் செலுத்துவது என்று முதல் வருஷம் தேட இது போதும். பத்தாவது வருஷமும் இதையே எழுதுவது சோம்பல்.

எதை எதனால் வகுப்பது என்ற கேள்வி இன்னும் பாக்கியிருக்கிறது. சிமென்டை யாரும் சிமென்டாக உபயோகிப்பதில்லை, கான்கிரீட்டாகவே உபயோகிக்கிறார்கள். கன மீட்டர் கான்கிரீட்டுக்கு ஏழு மூட்டை போட்டால், சாதாரண சிமென்டில் 289 கிலோ, சாம்பல் கலந்ததில் 204, மிச்சம் 85. சாம்பல் கலந்தது மெதுவாகப் பலம் பிடிக்கும் என்று அறிந்த மேஸ்திரி, பலகையைச் சீக்கிரம் கழற்ற வேண்டிய அவசரத்தில் எட்டாவது மூட்டையைக் கொட்டினால், அந்த மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே கரைந்துவிடுகிறது. ஆலையின் அறிக்கைக்கு அது ஒருபோதும் தெரியாது. அறிக்கை எழுதுவது டன்னுக்கு இவ்வளவு என்ற வீதத்தை மட்டுமே. வீதம் பத்தில் ஒரு பங்கு குறைந்து, உற்பத்தி கால்பங்கு கூடினால், ஆகாயத்துக்குப் போவது எட்டில் ஒரு பங்கு அதிகம். இரண்டு வாக்கியமும் உண்மை. ஆண்டறிக்கையின் முதற்பக்கத்தில் ஒன்றுதான் அச்சாகும்.

இவ்வளவும் நேற்றுவரை ஆராய்ச்சியாளரின் சர்ச்சையாக இருந்தது, இப்போது பணமாகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைவரித் திட்டம் 2023 அக்டோபரில் அறிக்கை அளவில் தொடங்கி, 2026 ஜனவரி முதல் முழு அமலுக்கு வந்திருக்கிறது. சிமென்ட், இரும்பு, அலுமினியம், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றுக்கு, உட்பொதிந்த உமிழ்வின் அளவுக்குச் சான்றிதழ் வாங்க வேண்டும். எல்லைக்கோடு இயற்கை வரைந்ததன்று என்பதற்கு அச்சட்டமே சாட்சி: சிமென்டுக்கு மின்சாரத்தின் உமிழ்வையும் சேர்த்துக் கணக்கிடும் அது, இரும்புக்கும் அலுமினியத்துக்கும் அதை விட்டுவிடுகிறது. அலுமினியம் ஏறக்குறைய உறைந்த மின்சாரம் என்பதை அறிந்தவர்களுக்கு இதன் ராஜதந்திரம் புரியும். இந்தியாவிலும் 2023-இல் அறிவிக்கப்பட்ட கரிம வரவு வர்த்தகத் திட்டத்தின்கீழ், சிமென்ட் ஆலைகளுக்கு உற்பத்தி அலகுக்கு இவ்வளவு என்ற இலக்குகள் 2025-இல் விதிக்கப்பட்டன. இலக்கை மிஞ்சிக் குறைத்தவன் வரவுச் சீட்டு விற்கலாம், தவறியவன் வாங்கவேண்டும். ஈர நிலக்கரியின் ஒரு சதவீதமும், கிளிங்கர் விகிதத்தின் இரண்டாம் தசமஸ்தானமும் இனி வழக்கறிஞர்களின் கைக்குப் போகும். தணிக்கையாளர் எடைமேடைச் சீட்டைக் கேட்பார் என்று தெரிந்த நாளிலிருந்து எடைமேடைகள் பழுதுபார்க்கப்படுகின்றன. இதையும் இக்கணக்கின் நன்மைகளுள் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

காலத்தின் எல்லையும் ஒன்று உண்டு. வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பியைத் திறந்தே வைத்தால் மேலே ஆடைபோல் ஒரு படலம் கட்டுவதைப் பார்த்திருக்கிறோம். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை மீண்டும் வாங்கிக் கல்லாகும் காட்சி அது. காரைச்சுவர் இறுகுவதும் அப்படியே. சிமென்ட் சுவரும் வருஷக்கணக்கில், மேற்பரப்பிலிருந்து மில்லிமீட்டர் மில்லிமீட்டராக, இதையே செய்கிறது. 1930 முதல் 2013 வரை உலகச் சிமென்டுக்காகச் சுட்ட கல் விட்ட வாயுவில் 43 சதவீதத்துக்குச் சமமானதைச் சுவர்களும் இடிபாடுகளும் திரும்ப வாங்கிக்கொண்டன என்று பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து 2016-இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டனர். எரிபொருளின் வாயு இந்த விகிதத்தில் சேராது. மூட்டை லாரியில் ஏறிய அன்றே ஆலையின் ஏடு மூடப்பட்டது; சுவருக்குச் சொந்தக்காரன் ஏடு வைத்திருப்பதில்லை.

அவனிடம் வருகிற பொறியாளர் வேறொரு கணக்கோடு வருகிறார். பழைய தூணில் ஒரு துண்டைப் பெயர்த்து, புதிதாக உடைந்த முகத்தில் ஃபீனால்ப்தலீன் கரைசலைத் தெளிப்பார். சுண்ணாம்பு இன்னும் சுண்ணாம்பாகவே இருக்கும் உட்பகுதி அடர்ந்த ஊதாவாக மாறும், வாயுவை வாங்கிக் கல்லாகிவிட்ட வெளிவிளிம்பு நிறமின்றி நிற்கும். அந்த நிறமற்ற விளிம்பு கம்பியை எட்டிவிட்டால் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கும் என்பதால், அவர் அளவுகோலை வைத்து, இத்தனை மில்லிமீட்டர் என்று தன் குறிப்பேட்டில் சேதத்தின் பத்தியில் எழுதிக்கொள்கிறார்.